மாவு அரைக்கும் அறையில் எலி: எந்தப் பொறி வாங்குவது, எங்கே வைப்பது?

மாவுக்காரி, கும்பகோணம்

வணக்கம். நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். சாதாரண நாளில் இருபது கிலோ போகும், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நாற்பதைத் தொடும். பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், பின்கட்டில் அடுப்படி, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையில்தான் இரண்டு கிரைண்டரும், 25 கிலோ இட்லி அரிசி மூட்டை ஐந்தாறும், உளுந்தும் இருக்கின்றன. எலி வந்திருப்பதும் அந்த அறைக்குத்தான். கூடத்துக்கு வந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஒரு மூட்டையின் அடி மூலையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையைப் பார்த்தேன். கீழே ஒரு கைப்பிடி அரிசி சிந்தியிருந்தது. கோணி ஊசியால் தைத்துவிட்டு மறந்துவிட்டேன். அது என் தப்பு. பத்தே நாளில் மூன்று மூட்டையில் ஓட்டை, கிரைண்டர் ஒயரில் பல் தடம், உளுந்து டப்பாவின் பிளாஸ்டிக் மூடி ஓரமெல்லாம் கொறித்த பொடி. அந்த மூன்று மூட்டையையும் விற்கிற மாவில் சேர்க்க மனம் வரவில்லை, கொட்டிவிட்டேன். எவ்வளவு நஷ்டம் என்று இங்கே எழுதினால் மறுபடி வயிறு எரியும்.

இதுவரை செய்தது: பெரிய கடைத்தெருவில் 180 ரூபாய்க்கு ஒரு கம்பிக்கூண்டு வாங்கி, மசால் வடை வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வடை காணோம், கதவு திறந்தபடியே இருந்தது. நான்காம் நாள் கதவு மூடியிருந்தது, உள்ளே வடையும் இல்லை, எலியும் இல்லை. மாமனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஐந்தாம் நாள் ஒன்று மாட்டியது. நீள மூக்கு, சின்னக் கண், கீச் கீச் என்று கத்தல், அறை முழுக்க ஒரு மாதிரி வாடை. மாமனார் எட்டிப் பார்த்து, "அது மூஞ்சூறு, அரிசி தின்னாது, கொண்டுபோய் விடு" என்றார். அரசலாற்றங்கரையில் விட்டு வந்தேன்.

அப்புறம் கம் தடவிய அட்டை வைத்தேன். காலையில் பார்த்தால் நான்கு கரப்பானும் ஒரு பல்லியும். பல்லி உயிரோடு இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லப் பிடிக்கவில்லை.

மருந்து வைக்க மாட்டேன், அதை மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அந்த அறையில் ஊர் சாப்பிடுகிற மாவு இருக்கிறது, வீட்டில் ஐந்து வயதுப் பேரப்பிள்ளை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை தினமும் வருகிறது, பால் குடிக்கிறது, போகிறது. அதற்கும் எலிக்கும் ஏதோ உடன்பாடு இருக்கிறது போல.

இன்னொரு சிக்கல், மாமனாருக்கு 78 வயது. பிள்ளையார் வாகனத்தை வீட்டில் கொல்லக் கூடாது என்கிறார். பிள்ளையாரா வந்து மாவு அரைக்கப் போகிறார்? இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

எந்தப் பொறி வாங்கலாம்? எத்தனை வாங்க வேண்டும்? எங்கே வைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வேளச்சேரி வாசி

கம் அட்டைதான் சிறந்தது அக்கா. பெரிய அளவு வாங்கி நாலு மூலையிலும் போடுங்கள். பல்லி மாட்டினால் மாட்டட்டுமே. இல்லையென்றால் ப்ளக்கில் சொருகுகிற சத்தக் கருவி இருக்கிறது, நமக்குக் கேட்காது, எலிக்குக் கேட்கும், ஓடிவிடும். ஆன்லைனில் நிறைய கிடைக்கிறது.


கிடங்குத் தாத்தா, மன்னார்குடி

அம்மா, நான் நெல் கிடங்கில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல்லோடு இருந்ததைவிட எலியோடு இருந்ததுதான் அதிகம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறி வாங்குவதற்கு முன் புழுக்கையைப் பாருங்கள். சீரகம் அளவில், கறுப்பாக, இரண்டு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் பெரிய வீட்டெலி, அதாவது ஓட்டிலும் உத்தரத்திலும் ஓடுகிற, உடம்பைவிட வால் நீளமான சாதி. அதைவிடப் பெரிதாக, சாக்கடைப் பக்கம் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தால் பெருச்சாளி. மூன்றுக்கும் ஒரே பொறி சரிவராது. மூஞ்சூறு எலியே அல்ல, பூச்சி தின்பது. உங்கள் அறைக்கு அது வந்ததே அந்தக் கரப்பான்களுக்காகத்தான். மாமனார் சரியாகச் சொன்னார்.

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் சுண்டெலி மாதிரிதான் தெரிகிறது. சுண்டுவிரல் ஓட்டை, கதவு மூடியும் காலிக் கூண்டு. ஒன்று செய்யுங்கள். கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே பேரப்பிள்ளையின் பென்சிலை விட்டுப் பாருங்கள். பென்சில் நுழைந்தால் இளஞ்சுண்டெலியும் நுழையும். அது மாட்டிக்கொண்டு, வடையைத் தின்று, கம்பிச் சந்து வழியாக வெளியே போயிருக்கிறது. நீங்கள் வாங்கியது பெரிய எலிக்கான கூண்டு.

அடுத்தது வடை. மூட்டை மூட்டையாக அரிசி திறந்து கிடக்கிற இடத்தில் உங்கள் வடையைத் தேடி எவன் வருவான்? சுண்டெலி ஒரு நாளைக்குத் தின்பது மூன்று கிராம்தான், தண்ணீர்கூட அதிகம் வேண்டாம் அதற்கு. முதலில் அரிசியை மூடி போட்ட தகர டிரம்மிலோ சில்வர் டிரம்மிலோ கொட்டுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கொறித்துவிடும். டிரம் வாங்கும்வரை மூட்டையை மரக்கட்டை மேல் அடுக்கி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். கிடங்கில் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடுவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பூச்சியும் எலியும் கண்ணில் பட வேண்டும் என்பதற்குத்தான்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இரைக்குப் பதில் பஞ்சு வைத்துப் பாருங்கள். விளக்குத் திரிக்கு வாங்குகிற பஞ்சுதான். பெட்டைச் சுண்டெலி கூடு கட்டப் பஞ்சும் நூலும் தேடி அலையும். கிடங்கில் நெல்லுக்குப் பஞ்சமில்லை, பஞ்சுக்குத்தான் பஞ்சம். கருவாட்டுக்கு மசியாதது பஞ்சுக்கு மாட்டியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஓடுகிற பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? ராத்திரி அறையைக் கூட்டிவிட்டு, சுவர் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குக் கல் கோலப்பொடி தூவி வையுங்கள். அரிசிமாவு தூவிவிடாதீர்கள், விருந்து வைத்ததாகிவிடும். காலையில் கால்தடம் எங்கே தெரிகிறதோ அங்கே பொறி. சுண்டெலிக்குக் கண் பார்வை மட்டு, சுவரை மீசையால் தடவிக்கொண்டே ஓடும். அறை நடுவில் வைக்கிற பொறி வீண்.

எத்தனை என்று கேட்டீர்கள். ஒன்று போதாது. அந்தச் சின்ன அறைக்கே ஐந்தாறு வேண்டும், ஆறடிக்கு ஒன்று, எல்லாம் ஒரே ராத்திரியில். இருபது நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு. அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் சினையாகிற பருவத்துக்கு வந்துவிடும். தினம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வராது.


கோவை ஃபிட்டர்

தாத்தா சொன்னதற்கு மேல் மெக்கானிசம் பற்றி மட்டும் நான் சொல்கிறேனுங்க. மூன்றாம் நாள் வடை போயும் கதவு விழவில்லை என்றீர்களே, அது எலியின் கெட்டிக்காரத்தனம் இல்லை, கொக்கியின் கோளாறு. இரை மாட்டுகிற கொக்கியின் மேல் முனையில்தான் கதவைப் பிடித்திருக்கும் நீளக் கம்பி உட்கார்ந்திருக்கும். புதுக் கூண்டில் அது ஆழமாக உட்காரும். பெரிய எலி இழுத்தால் விடும், 15 கிராம் சுண்டெலி கொறித்தால் அசையக்கூட அசையாது. அரத்தால் கொக்கி முனையை இரண்டு இழுப்பு இழுத்து வழவழப்பாக்குங்கள். கம்பியை நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் வையுங்கள். கதவுக் கீலில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வைத்துவிட்டு ஒரு துடைப்பக் குச்சியால் இரையைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் விழ வேண்டும். இரையைச் சும்மா குத்தி வைக்காமல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள், அப்போதுதான் இழுத்தே ஆக வேண்டும்.

ஆனால் பென்சில் நுழைகிற கூண்டு என்றால் இதெல்லாம் செய்தும் பயனில்லை.

பலகையில் சுருள்வில் வைத்து டப்பென்று அடிக்கிற பொறியைப் பலரும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1894இல் காப்புரிமை வாங்கிய சாமானுங்க அது, இன்றுவரை பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. சரியாக வைத்தால் ஒரே நொடியில் முடிந்துவிடும். சரியாக என்றால், பொறியைச் சுவருக்குக் குறுக்கே வைத்து, இரை இருக்கிற முனை சுவரைத் தொட வேண்டும். பலபேர் சுவருக்கு இணையாக நீளவாக்கில் வைத்துவிட்டு, வாலில் அடிபட்டது, காலில் அடிபட்டது என்பார்கள். இரை பட்டாணி அளவு போதும். பெரிதாக வைத்தால் ஓரமாக நின்று தின்றுவிட்டுப் போய்விடும். மர அடியோடு சின்னதாக வருகிறதே, அதுவே போதும், 40 ரூபாய் இருக்கும். பெரிய சைஸைச் சுண்டெலிக்கு வாங்காதீர்கள். என் வலது கட்டைவிரல் நகம் போனது பெரிய சைஸில்தான். இரையை முதலில் வைத்துவிட்டு அப்புறம் வில்லை இழுங்கள், நான் செய்த மாதிரி தலைகீழாகச் செய்யாதீர்கள். பேரப்பிள்ளை இருப்பதால், ஒரு பழைய மரப்பெட்டியில் இரண்டு பக்கமும் எலி நுழையுமளவு ஓட்டை போட்டுக் கவிழ்த்து, அதற்குள் பொறியை வையுங்கள்.

வேளச்சேரி நண்பர் சொன்ன சத்தக் கருவி பற்றி: வாங்க வேண்டாம். அந்தக் கருவிகள் பற்றிய விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று எச்சரித்து அமெரிக்க வணிக ஆணையம் 2001இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நானும் ஒன்று வாங்கினேன். அதன் மேலேயே புழுக்கை கிடந்தது.


இரவுப்பணி நர்ஸ்

மருந்து வைக்க மாட்டேன் என்று அக்கா சொன்னதற்கு என் கும்பிடு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டை விழுங்கி வருகிறவர்களை வார்டில் பார்த்தவள் நான். அதற்கு மாற்று மருந்து கிடையாது. முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசுவார்கள், அப்புறம் கல்லீரல் போகும். அதைத் தமிழ்நாட்டு அரசு தடை செய்திருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய இரண்டு குழந்தைகள் போய்ச் சேர்ந்தார்கள். நீங்கள் சமைக்கிற இடத்தில் அது எந்த வடிவத்திலும் வேண்டாம்.

கம் அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. எலி அதில் உடனே சாகாது. பல மணி நேரம் இழுத்து, தோல் உரிந்து, பயத்தில் ஒன்றுக்குப் போய், அப்புறம்தான் சாகும். அந்த ஒன்றுக்கைத் துடைப்பது நீங்கள்தான். இந்திய விலங்குகள் நல வாரியமே அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மறுபடி பல்லி ஏதாவது மாட்டினால் பிய்த்து இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பிசின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் மெதுவாக நகர்த்தினால் விடும். அட்டையின் மீதிப் பிசினில் மண்ணைத் தூவிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

சுத்தம் செய்வதுதான் நான் சொல்ல வந்தது. புழுக்கையைக் காய்ந்தபடி துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். கையுறை போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு கட்டிப் போட்டுவிடுங்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகத்தான் வருகிறது. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ஈரத்தரை வழியாக ஏறும். மழைக்காலத்தில் கிரைண்டர் கழுவுகிற அறையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள் அக்கா. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், வீட்டில் எலி இருக்கிறது என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடலாம்.


தேங்காய்ச்சில், நாகர்கோவில்

உங்கள் மாமனாருக்கு ஏற்றது எலிப்பெட்டி. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் ஒன்றாவது பரணில் கிடக்கும். தக்கலையில் இருந்த எங்கள் பாட்டி எலிப்பத்தாயம் என்றுதான் சொல்லுவாள். முக்காலடி நீள மரப்பெட்டி. ஒரு பக்கம் மேலிருந்து விழுகிற பலகைக் கதவு. வில் கிடையாது, கதவு தன் கனத்தாலேயே விழும். மேலே ஒரு குச்சி குறுக்கே கிடக்கும், அதன் ஒரு நுனியில் கதவு தொங்கும், மறுநுனியைக் கொக்கி பிடித்திருக்கும். இரையைத் தொட்டால் கொக்கி நழுவும், கதவு விழும்.

கம்பிக்கூண்டைவிட இது எனக்குப் பிடிக்கக் காரணம், உள்ளே இருட்டு. எலிக்கு அது பொந்து மாதிரி இருக்கும், பயப்படாமல் போகும். சந்து கிடையாது, எவ்வளவு சின்னதும் தப்பாது. மாட்டிய பிறகும் இருட்டில் அமைதியாகக் கிடக்கும்.

இரைக்குத் தேங்காய். வெறும் தேங்காய் அல்ல. கொட்டாங்கச்சியோடு ஒரு சில்லை எடுத்து, அடுப்பில் காட்டி, ஓரம் கருகி எண்ணெய் கசியும்வரை வாட்ட வேண்டும். அந்த வாசனை அறை முழுக்கப் போகும். வடை மறுநாளே ஊசிப்போகும், தேங்காய் இரண்டு நாள் தாங்கும். வேலை முடிந்ததும் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெந்நீர் மட்டும் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். பாட்டி கழுவவே விடமாட்டாள், பழைய எலி வாசனை இருந்தால்தான் அடுத்தது வரும் என்பாள். நான் வெந்நீர் வரைக்கும் வந்திருக்கிறேன்.


மாவுக்காரி, கும்பகோணம்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

பென்சில் நுழைந்தது! நுழைந்தது மட்டுமல்ல, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தேன். மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார், இந்த முறை சிரிக்கவில்லை. புழுக்கை சீரகம்தான். சமையலறைச் சீரகத்தை ஒரு தாளில் வைத்துப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன், அன்று ரசத்துக்குச் சீரகம் போட மனம் வரவில்லை.

அரிசியை இரண்டு பெரிய சில்வர் டிரம்மில் கொட்டிவிட்டேன். ஒன்று என் கல்யாணச் சீர், பரணில் 26 வருடம் சும்மா கிடந்தது. உளுந்து பழைய பிஸ்கட் தகர டின்னில். நர்ஸ் சொன்னபடி செருப்புப் போட்டுக்கொண்டுதான் கிரைண்டர் கழுவுகிறேன், என் அம்மா பார்த்தால் அடுப்படியில் செருப்பா என்று கேட்பாள்.

கோலப்பொடி போட்டேன் தாத்தா. மார்கழிக்கு முன்னாடியே என் வீட்டில் கோலம். காலையில் பார்த்தால் பொடியில் புள்ளிப் புள்ளியாகத் தடம், நடுவில் வால் இழுத்த கோடு. மூட்டை இருந்த பக்கம் நான் நினைத்த அளவு இல்லை. கேஸ் சிலிண்டர் பின்னாலிருந்து தொடங்கி, கிரைண்டர் அடி வழியாகக் கதவு நிலை வரைக்கும் ஒரே தடம். இத்தனை நாள் கூண்டை நான் எதிர்ச்சுவரில் வைத்திருந்தேன்.

தச்சரிடம் எலிப்பெட்டி மாதிரி இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். படம் போட்டுக் கொடுத்தேன், அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, "எனக்குத் தெரியும்மா" என்றார். சின்ன அடிக்கிற பொறி நான்கு வாங்கிவிட்டேன். ஃபிட்டர் தம்பி சொன்ன மாதிரி கவிழ்த்த பெட்டிக்குள்தான் வைப்பேன்.

ஒரு சந்தேகம். பெட்டியில் உயிரோடு மாட்டியதை எங்கே விடுவது? வாசலில் விட்டால் எனக்கு முன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும்.


கிடங்குத் தாத்தா, மன்னார்குடி

வாசலில் விட்டால் வரும், தெருமுனையில் விட்டாலும் வரும். ஒரு கிலோமீட்டராவது தாண்ட வேண்டும், நடுவில் ஆறு இருந்தால் நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த சுண்டெலியைப் புதர்க்காட்டில் விட்டால், பெரும்பாலும் அன்றைக்கே காக்காயோ ஆந்தையோ பார்த்துக்கொள்ளும். மாமனாரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. யார் வயலிலும் மட்டும் விட்டுவிடாதீர்கள், தாளடி நெல் நட்டிருக்கிற நேரம். டெல்டாவில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே வேலை நிறைய இருக்கிறது.

உயிரோடு பிடிக்கிற பெட்டி என்றால் காலையும் மாலையும் திறந்து பார்க்க வேண்டும். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் அது அடிக்கிற பொறியைவிடக் கொடுமை.

தடம் சிலிண்டர் பின்னால் தொடங்குகிறது என்றீர்களே, அங்கே சுவரைப் பாருங்கள். பொறியைவிட அதுதான் முக்கியம்.


வேளச்சேரி வாசி

சத்தக் கருவி நானும் இன்னும் வாங்கவில்லை, விளம்பரம் பார்த்ததைச் சொன்னேன். எங்கள் ஃப்ளாட்டில் சிங்க் அடியில் ஒன்று ஓடுகிறது. நான்காவது மாடிக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பஞ்சு வாங்கப் போகிறேன்.


கோவை ஃபிட்டர்

குழாய் வழியாகத்தானுங்க. சிங்க் அடியில் கழிவுக்குழாய் தரைக்குள் இறங்குகிற இடத்தில் சுற்றி இடைவெளி இருக்கும், பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அதில் இறுக்கித் திணித்து, மேலே வெள்ளை சிமெண்ட் பூசிவிடுங்கள். வெறும் சிமெண்ட் பூசினால் ஈரம் காய்வதற்குள் தோண்டிவிடும். உள்ளே ஒன்று இருக்கும்போது அடைத்தால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதனால் முதலில் பிடித்துவிட்டு அப்புறம் அடையுங்கள்.


மாவுக்காரி, கும்பகோணம்

பதினொரு நாள் ஆயிற்று, கணக்கு ஒப்பிக்கிறேன்.

முதல் ராத்திரி அடிக்கிற பொறியில் மூன்று. மூன்றும் சிலிண்டர் பக்கத்துச் சுவரில். தேங்காய்ச் சில்லு வைத்ததில் இரண்டு, பஞ்சு சுற்றியதில் ஒன்று. எதிர்ச்சுவரில் வைத்ததை எதுவும் தொடவில்லை. இரண்டாம் ராத்திரி ஒன்று. அப்புறம் தச்சர் பெட்டி கொடுத்தார், அதில் மூன்று நாளில் இரண்டு. ஆறு சுண்டெலி! ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிலிண்டரை நகர்த்திப் பார்த்தேன். கேஸ் குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையை அடுப்பு மாட்ட வந்தவர் பெரிதாகத் துளைத்துவிட்டு, சுற்றிலும் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறார். அந்தத் தாளைக் கொறித்துத்தான் கூடு கட்டியிருக்கின்றன. இழுத்தால் பொடிப்பொடியாகப் பஞ்சு மாதிரி வந்தது, நடுவில் என் பழைய உளுந்துச் சாக்கின் நூல். குட்டி இல்லை, அந்த மட்டில் தப்பித்தேன். பிடிபடுவது நின்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, கம்பி நார் வைத்துப் பூசியாயிற்று. எங்கள் ஊர்க் கொத்தனார் சிமெண்டில் உடைந்த கண்ணாடித் தூளும் கலந்தார், கேட்டால் "அது வழக்கம்" என்றார்.

பெட்டியில் மாட்டிய இரண்டையும் மாமனாரே கொண்டுபோனார். மஞ்சப்பைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு அரசலாற்றுப் பாலம் தாண்டிப் போய் விட்டுவிட்டு, வரும் வழியில் டீ குடித்துவிட்டு வந்தார். தாத்தா எழுதிய காக்காய், ஆந்தை விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அடிக்கிற பொறியை அவர் தூங்கின பிறகு வைத்து, எழுந்திருப்பதற்கு முன் எடுத்துவிடுவேன். இரண்டாம் ராத்திரி கழிந்த காலையில் நான் எழுந்து வருவதற்குள் ஒரு பொறி காலி செய்து, கழுவி, முற்றத்தில் வெயில் படுகிற இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு நாளாகக் கோலப்பொடியில் தடம் இல்லை. பொறி வைப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது புதுசாக ஒன்று. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுக்கு அடியில், உத்தரத்தின் மேல், தடதடவென்று ஓடிய சத்தம். சுண்டெலிக்கு அவ்வளவு கனம் இருக்காது. தாத்தா, இதற்குத் தனியாகக் கேள்வி போடட்டுமா?


கிடங்குத் தாத்தா, மன்னார்குடி

போடுங்கள். அது வீட்டெலிதான். சுண்டெலி புதுச் சாமானைக் கண்டால் மோந்து பார்க்க வரும், இது அப்படியல்ல, புதிதாக எது வந்தாலும் நாலைந்து நாள் கிட்டவே வராது. உங்கள் 180 ரூபாய்க் கூண்டுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. இன்றைக்கே பரணில் ஏற்றி, கதவைத் திறந்தபடி கம்பியால் கட்டிவையுங்கள், விழக் கூடாது. உள்ளே தினமும் ஒரு துண்டு தேங்காய். தின்றுவிட்டுப் போகட்டும். ஒரு வாரம் கழித்துக் கட்டிய கம்பியை அவிழ்க்கலாம்.